கூலி: ஆளை உதிர்த்த சொல்

எங்கள் ஊரில் அறுவடை முடிகிற அன்று பொழுது சாயும் நேரத்தில் களத்துமேட்டில் கூலி அளப்பார்கள். பொலியிலிருந்து மரக்காலில் நெல்லை அள்ளுகிறவர் முதல் அளவை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார். ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். கதிர் அறுத்த பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சாக்கு வைத்திருப்பவர் சாக்கை விரிப்பார். இல்லாதவர் முந்தானையை விரிப்பார். மரக்கால் தலைதட்டி விழுந்தால் முணுமுணுப்பு எழும். கூம்பாகக் குவிந்து விழுந்தால் முகம் மலரும். சிறுவனாக அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கூலி என்றால் அந்த நெல்தான். உழைத்தவர் மடியில் விழுகிற தானியம். அதைக் கையால் தொடலாம், அளக்கலாம், குறைந்தால் தட்டிக் கேட்கலாம்.

அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயராகவும் ஆக முடியும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலின் தலைப்பில் கண்டேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த தமிழ்ப் பெண்மணி டாக்டர் குணம் ஆங்கிலத்தில் எழுதி 1991இல் வெளிவந்த தன்வரலாறு அது. தலைப்பு: ‘கூலி டாக்டர்’. எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். அந்த நாட்டின் முதல் இந்தியப் பெண் மருத்துவர் என்று அறியப்பட்டவர். 1946இல் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். அவர் யார் களத்திலும் கதிர் அறுக்கவில்லை. ஆனாலும் அவர் வளர்ந்த நாட்டில் அவர் தோலைப் பார்த்தவுடன் வெள்ளையர் வாயில் வந்த சொல் அதுதான். நம் களத்துமேட்டுச் சொல் அவ்வளவு தூரம் எப்படிப் போனது, போன வழியில் எதை இழந்தது என்று தேடத் தொடங்கியது அந்தத் தலைப்பைப் பார்த்த நாளிலிருந்துதான்.

சொல்லின் பிறந்த வீடு

கூலி பழைய சொல். திருவள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில் இதை ஆள்கிறார். ஊழ் கைகொடுக்காமல் போனாலும், உடலை வருத்திச் செய்த முயற்சி தனக்குரிய பயனைத் தந்தே தீரும் என்பது அந்த 619ஆம் குறளின் கருத்து. அந்தப் பயனுக்கு அவர் வைத்த பெயர் கூலி. தெய்வத்தோடு ஒரே குறளில் நிறுத்தி, தெய்வத்தால் ஆகாததையும் ஆக்கித் தருவதாக அவர் உயர்த்திச் சொன்ன சொல் இது. இதில் இழிவு துளியும் இல்லை.

‘கூலம்’ என்றால் தானியம். மணிமேகலை பாடிய சாத்தனாரைக் கூலவாணிகன் என்கிறோம். சிலப்பதிகார மதுரையில் கூல வீதி இருக்கிறது. கூலமாக அளந்து கொடுத்ததால் கூலி என்று ஆனது என்பது சொல்லாய்வாளர் சொல்லும் ஒரு விளக்கம். களத்துமேட்டில் நின்றவர்களுக்கு அந்த விளக்கம் இயல்பாகவே படும். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இந்தச் சொல் இதே பொருளில் வழங்குகிறது. திராவிடக் குடும்பத்தின் பொதுச் சொத்து இது.

இதன் கூட்டுச் சொற்களை அடுக்கிப் பாருங்கள். நாட்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தையற்கூலி. நகைக்கடையில் செய்கூலி. எல்லாமே கொடுக்கப்படுவது, வாங்கப்படுவது. வாங்குகிற ஆளைச் சொல்லத் தமிழ் இன்னொரு சொல்லைச் சேர்த்தது: கூலியாள், கூலிக்காரர். ‘ஆள்’ என்ற சொல் ஒட்டாமல் கூலி மனிதரைக் குறிக்கவில்லை. கூலி ஒன்று, ஆள் வேறு. இன்று கூலி வாங்குகிறவர் நாளை நிலம் வாங்கலாம். அவருடைய பிள்ளை வேறு தொழிலுக்குப் போகலாம். கூலி மாறும், ஆள் ஆளாகவே இருப்பார். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ‘ஆள்’ என்ற ஓரசைச் சொல்லைப் பற்றியதுதான்.

நம்மிடமும் இந்தச் சொல் கறை படாமல் இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனம் ஒட்டாமல் வேலை செய்கிறவரைக் ‘கூலிக்கு மாரடிக்கிறார்’ என்கிறோம். காசுக்குக் கொலை செய்யும் கும்பலைக் ‘கூலிப்படை’ என்கிறோம். அளந்து கொடுத்த அதே களத்துமேட்டில் சாதி பார்த்துத் தள்ளி நின்று கொடுத்ததும் உண்டு. இழிவின் விதை நம் மண்ணிலும் இருந்தது. அதை ஒரு முழு இனத்தின் பெயராக்கி, சட்டப் புத்தகத்தில் அச்சடித்தது வேறொரு வரலாறு.

கணக்கேட்டில் உதிர்ந்த ஆள்

16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுக்கீசியரின் எழுத்துகளில் இந்தச் சொல் தலைகாட்டுகிறது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயரும் பிற ஐரோப்பியரும் எடுத்துக்கொண்டார்கள். மூலம் எது என்பதில் வழக்கு உண்டு. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற அகராதி, குசராத் பக்கத்துக் கோலி மக்களின் பெயரையும் தமிழின் கூலியையும் சேர்த்தே எடைபோடுகிறது. துருக்கியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்ற சொல்லைக் காட்டுவோரும் உண்டு. சீன மொழியில் இதை ஒலிபெயர்த்து எழுதிய இரண்டு எழுத்துகளுக்குக் ‘கசப்பான உழைப்பு’ என்று பொருள் அமைந்தது. உச்சரிப்புக்காகத் தேர்ந்த எழுத்துகள்தாம்; ஆனால் அந்தத் தேர்வில் வாழ்க்கையே இறங்கிவிட்டது.

கோலியும் கூலியும் கலந்திருக்கலாம். ஆனாலும் காசுக்கு உடலுழைப்பு என்ற பொருள் கூலியிலிருந்தே வந்திருக்கும் என்பது என் கருத்து. கப்பலுக்கு மூட்டை தூக்கிய ஆட்களுக்குக் கொடுத்த பணம் வணிகனின் கணக்கேட்டில் ஒரு செலவு. இத்தனை கூலி, இவ்வளவு தொகை என்று எழுதிக்கொண்டு போகிற வணிகனுக்குத் தூக்கியவரின் பெயர் தேவைப்படவில்லை. கொடுத்த காசின் பெயரே வாங்கியவரின் பெயராக விழுந்திருக்க வேண்டும். ஆள் அந்த ஏட்டில்தான் உதிர்ந்தார்.

1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. கரும்புத் தோட்டங்களுக்கு மாற்று ஆட்கள் வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியர்களைக் கப்பலேற்றும் முறை 1834 முதல் மொரிஷியசில் வேரூன்றியது. போர்ட் லூயியில் அவர்கள் இறங்கி ஏறிய படித்துறைக்குக் கூலி காட் என்றே பெயர் வழங்கியது. இன்று அது ஆப்ரவாசி காட், வந்து குடியேறியவர்களின் துறை. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது அந்தப் பழைய பெயர் போயிருந்தது.

ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 152,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

அந்தக் கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். முதலில் காலனி எண். பிறகு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம். நெற்றித் தழும்பும் முழங்கால் மச்சமும்கூடப் பதிவாகியிருக்கின்றன. எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி பெயர்கள் உருமாறின. முதலியார் ‘மூட்லி’ ஆனார். கவுண்டர் ‘கொவெண்டர்’ ஆனார். இன்று டர்பனின் தெருக்களில் அந்தப் பெயர்ப்பலகைகள் நிறையவே உண்டு. ஐந்தாம் தலைமுறைப் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டன் எந்த ஊர் என்று தேடி அந்தப் பட்டியல்களைத்தான் புரட்டுகிறார்கள். எண்ணாகப் பதிந்த அதே தாளில்தான் ஊரும் பேரும் எஞ்சியிருக்கின்றன.

அவர்களுக்கு உண்மையில் கிடைத்த கூலி என்ன? ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்தவர்கள், வாங்க வந்தவர்களைக் கூலி என்று கூப்பிட்டார்கள். அரசும் அப்படித்தான் எழுதியது. தொழிலாளரின் குறைகளை ஆராய 1872இல் அமைத்த குழுவின் பெயரே கூலி கமிஷன்.

சொல் தோட்டத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்டவரும் கூலி. சொந்தச் செலவில் கப்பலேறி வந்து கடை வைத்தவரும் கூலி. 1893இல் வந்த காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைக்கப்பட்டதை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்கே அவர் சொல்லும் இன்னொரு செய்தி தமிழருக்கு நெருக்கமானது. தமிழர் பெயர்கள் பலவும் ‘சாமி’ என்று முடிந்ததால் வெள்ளையர்கள் இந்தியர் எல்லாரையும் ‘சாமி’ என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் உன் எசமானன் அல்லவே என்று துணிவுள்ள இந்தியர் திருப்பிக் கொடுப்பாராம். முனுசாமியும் கோவிந்தசாமியும் ஒரே ‘சாமி’ ஆனார்கள். கூடை சுமந்து காய்கறி விற்ற பெண்கள் எல்லாரும் ஒரே ‘மேரி’ ஆனார்கள். காலனி எண்ணுக்குப் பிறகும் மிச்சமிருந்த பெயரை இப்படிப் பறித்தார்கள்.

சட்டத்தில் ஏறிய வசை

நேட்டாலுக்கு அண்டையான டிரான்ஸ்வால் குடியரசு 1885இல் நிறைவேற்றிய 3ஆம் எண் சட்டம் ஆசிய இனத்தவரைப் பற்றியது. ‘கூலிகள் எனப்படுவோர், அரபிகள், மலாய்கள்’ என்று அது பட்டியலிடுகிறது. இவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. ஒதுக்கிய தெருக்களிலும் பகுதிகளிலும் அன்றி வேறெங்கும் நிலம் வாங்க முடியாது. தெருவில் சொன்ன வசை சட்டத்தின் சொல்லாகிவிட்டது. குசராத்தி முசுலிம் வணிகர் பலர் தங்களை ‘அரபிகள்’ என்று சொல்லிக்கொண்டதற்குக் காரணம் இந்தச் சொல்லிலிருந்து தப்புவதுதான். பெயரைப் பூசினால் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் அது. அந்த அச்சத்தோடு தோட்டத் தொழிலாளியிடமிருந்து விலகி நிற்கும் பழக்கமும் வந்தது.

டிரான்ஸ்வாலின் ஜோகானஸ்பர்க்கில் இந்தியருக்கு ஒதுக்கிய பகுதிக்குக் ‘கூலி லொகேஷன்’ என்று பெயர். நகராட்சி அங்கே சாக்கடையோ விளக்கோ சரியாக அமைத்துத் தரவில்லை. அழுக்கைக் காரணம் காட்டி அந்த மக்களை வெளியேற்ற முனைந்தது. 1904இல் கொள்ளைநோய் வந்தது. பகுதியையே காலி செய்து தீ வைத்தார்கள். வசதி செய்து தராமல் அழுக்காக்குவது, பிறகு அழுக்கு என்று ஒதுக்குவது என்ற இந்த முறையைச் சேரிகளின் கதை தெரிந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

நேட்டாலில் வேறு வழி. ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடி ஒப்பந்தம் செய்ய வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். சுதந்திரமாக இருக்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங். தொடக்கக் கூலியில் ஆறு மாத உழைப்பு. 1913இல் அந்த வரியை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கங்களில் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. அந்த ஆண்டே வரி நீங்கியது.

இங்கே மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. ‘கூலி’ என்ற சொல்லை எதிர்த்த காந்தி, தன் தொடக்கக் கால எழுத்துகளில் ஆப்பிரிக்கரைக் ‘காஃபிர்’ என்றே எழுதினார். இந்தியரை அவர்களின் நிலைக்குத் தாழ்த்துகிறார்கள் என்று குறைப்பட்டார். காஃபிர் என்பது நம்பாதவர் என்று பொருள்படும் அரபுச் சொல். அதுவும் கடல்வழியே போய் ஒரு கண்டத்து மக்களின் மேல் வசையாக விழுந்தது. 2018 டிசம்பரில் கானா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து காந்தி சிலை அகற்றப்பட்டதற்கு அந்தப் பழைய எழுத்துகளே காரணம். தன் மேல் விழுந்த சொல்லின் காயம் தெரிந்த ஒருவருக்கும் அடுத்தவர் மேல் விழுந்த சொல்லின் காயம் உடனே தெரிவதில்லை. பிறகு வந்த அரசியல் முழுவதையும் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலிக்குள் வளர்ந்த பிள்ளைகள்

1948இல் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன் கொள்கைக்குப் பெயரான ‘அபார்தைட்’ என்ற ஆப்பிரிகான்ஸ் சொல்லுக்குத் தனித்தனியாக இருத்தல் என்று பொருள். 1950இல் இரண்டு சட்டங்கள் வந்தன. மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனப் பெயரைக் கொடுத்தது. குழுப் பகுதிகள் சட்டம் ஒவ்வோர் இனப் பெயருக்கும் ஒரு நிலத்தைக் காட்டியது. இன்னார் இங்கேதான் குடியிருக்க வேண்டும், கடை வைக்க வேண்டும் என்று நகரங்களைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். முன்பு டிரான்ஸ்வாலின் ஒரு மூலையில் இருந்த ‘கூலி லொகேஷன்’ நாடு முழுவதற்கும் வரைபடமானது.

டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். அங்கே உரசல் இல்லாமல் இல்லை. 1949 சனவரியில் டர்பனில் வெடித்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். ஆனாலும் சேர்ந்து வாழ்ந்து தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. அதை அரசு பறித்தது. ஆப்பிரிக்கரைக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பியது. இந்தியரை 1960களில் திறந்த சாட்ஸ்வொர்த்துக்கும் 1976இல் தொடங்கிய பீனிக்ஸுக்கும் அனுப்பியது. வீடுகளை இடித்த இடத்தில் சில கோயில்கள் மட்டும் நின்றன.

சாட்ஸ்வொர்த்தை உம்லாசிக்கும் வெள்ளையர் பகுதிக்கும் நடுவிலும், பீனிக்ஸைக் குவாமாஷு, இனாண்டா ஆகியவற்றின் பக்கத்திலும் வைத்தார்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே இந்தியர் ஒரு வரப்பு. வரப்பில் நிற்பவருக்கு இரு பக்கத்திலிருந்தும் அச்சம் வரும். வரப்பைப் போட்டவருக்கு எந்த அச்சமும் இல்லை.

1970களில் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவள் பகுதிக்குப் பழைய ஊர்ப்பெயர் இல்லை, யூனிட் எண்தான். ஒரே வார்ப்பில் ஊற்றியதுபோல் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் இந்தியர், பள்ளியில் இந்தியர், ஆசிரியர் இந்தியர். பாடசாலைகூட 1965இல் வந்த இந்தியர் கல்விச் சட்டத்தின் கீழ் நடந்தது. பல்கலைக்கழகம் போக வேண்டுமென்றால் அதுவும் இந்தியருக்கென்று தனி. 1961இல் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கியது அது. மாணவர்கள் படகில் போய்ப் படித்தார்கள். வெள்ளையரை அவள் ‘லானி’யாக மட்டுமே பார்த்தாள், அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு முதலாளி என்று பொருள். ஆப்பிரிக்கரை வேலைக்கு வருகிறவராக, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவராகப் பார்த்தாள். தன் வயதுத் தோழியாகப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை.

கடல் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கலாம். இல்லை. டர்பன் கடற்கரையில் ஒரு பலகை நின்றது. கடற்கரைத் துணைவிதிகளின் 37ஆம் பிரிவின்படி இந்தக் குளியல் பகுதி வெள்ளை இனத்தவர் மட்டுமே பயன்படுத்த ஒதுக்கப்பட்டது என்ற செய்தி அதில் ஆங்கிலத்திலும் சூலு மொழியிலும் ஆப்பிரிகான்ஸிலும் இருந்தது. 1989 வரை அந்தப் பலகைக்கு உயிர் இருந்தது. அவளுடைய பாட்டன் இறங்கிய அதே கடல். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளை அந்தப் பலகையைப் படிக்கும்போது, தான் யார் என்ற பாடத்தையும் சேர்த்தே படித்தது.

இப்படி வளர்ந்தவர்களைப் பற்றி நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஒதுக்கல் ஒருவரை இழிவுபடுத்துவதோடு நிற்பதில்லை. மற்றவரை அறியவிடாமலும் வளர்க்கிறது. பலகையைக் கழற்றிவிடலாம். அறியாமையும் அச்சமும் வாக்குச்சாவடி வரை கூடவே வரும்.

பெயரை மாற்றிக்கொண்டவர்கள்

வேலியை உள்ளிருந்தே உடைத்தவர்களும் அங்கே வளர்ந்தார்கள். 1947இல் இந்தியர் தலைவர்களான டாக்டர் மான்டி நாயக்கர், டாக்டர் யூசுப் தாது இருவரும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் டாக்டர் சூமாவோடு ஒப்பந்தம் செய்தார்கள். மருத்துவர் மூவரும் செய்ததால் ‘டாக்டர்கள் ஒப்பந்தம்’ என்று பெயர் பெற்றது. தனித்தனி வழக்கு ஒரே வழக்காக மாறத் தொடங்கியது அங்கேதான்.

1960களின் இறுதியில் டர்பனில் மருத்துவ மாணவராக இருந்த ஸ்டீவ் பிகோ ஒரு சொல்லைப் புதிதாக வார்த்தார். வெள்ளையர் அல்லாதவர் என்ற இல்லாமைப் பெயரை உதறிவிட்டு, ஒடுக்கப்பட்ட ஆப்பிரிக்கரும் இந்தியரும் கலப்பினத்தவரும் எல்லாரும் ‘கறுப்பர்’ என்றார். சத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி போன்ற இந்திய இளைஞர்கள் அந்தப் பெயரை விரும்பி ஏற்றார்கள். அதற்காகவே சிறையும் சென்றார்கள். பாட்டன்மார் ‘அரபி’ என்று சொல்லித் தப்பப் பார்த்த நாட்டில், பேரன்மார் ‘கறுப்பர்’ என்று சொல்லிச் சேர்ந்து நின்றார்கள். ஒரு பெயர் இவ்வளவு தொலைவு வந்தது என்றால் ஒரு சமூகம் இவ்வளவு தொலைவு வந்தது என்று பொருள்.

அரசு மீண்டும் பிரிக்கப் பார்த்தது. 1983இல் எழுதிய புதிய அரசமைப்பு மூன்று அவைகளை அமைத்தது: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45. பெரும்பான்மையான ஆப்பிரிக்கருக்கு ஒன்றும் இல்லை. 1984 ஆகஸ்டில் இந்தியர் அவைக்குத் தேர்தல் நடந்தபோது, பதிவு செய்த வாக்காளரில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார். மற்றவர்கள் அந்த வரப்பில் நிற்க மறுத்தார்கள். அந்தப் புறக்கணிப்பை நான் பெருமையோடு நினைக்கிறேன்.

ஆனால் பத்தாண்டு கழித்து, 1994இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தபோது, நேட்டால் இந்தியரில் பெரும்பகுதியினர் தங்களை ஒதுக்கிவைத்த அதே தேசியக் கட்சிக்கு வாக்களித்தார்கள். மண்டேலாவின் அமைச்சரவையில் ஜெய் நாயுடுவும் மேக் மகராஜும் இருந்தார்கள். நாடாளுமன்றத் தலைவராக ஃபிரீன் ஜின்வாலா இருந்தார். தலைவர்கள் ஒரு பக்கம், சாட்ஸ்வொர்த்தின் வாக்கு இன்னொரு பக்கம். இது எப்படி நடந்தது என்று கேட்பவர், 1950இல் போட்ட கோடு நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு பிள்ளைக்கு என்ன கற்றுத் தந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

சொல்லும் சாகவில்லை. சூலு மொழியில் கூலி ‘இகுலா’ ஆகி, பன்மையில் ‘அமகுலா’ ஆனது. இப்போது அதைச் சொன்னவர்கள் வெள்ளையர் அல்ல. அதே ஒடுக்குமுறையின் அடியில் கிடந்த அண்டை வீட்டார். 2002இல் இந்தியரைப் பற்றி வெளிவந்த ‘அமாந்தியா’ என்ற சூலுப் பாடலை வெறுப்புப் பேச்சு என்று ஒலிபரப்புப் புகார் ஆணையம் தீர்ப்பளித்தது. எதிர்த் திசையில், ஆப்பிரிக்கரைப் பற்றி இந்திய வீடுகளுக்குள் பேசும் இழிசொற்களும் ஓயவில்லை.

2021 சூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போனதை அடுத்துக் கலவரமும் கொள்ளையும் வெடித்தன. பீனிக்ஸில் குடியிருப்பாளர் சிலர் ஆயுதங்களோடு சாலைகளை மறித்தார்கள். அந்தப் பகுதியில் 36 பேர் உயிரிழந்ததாகக் காவல் துறை அமைச்சர் அறிவித்தார். பெரும்பாலோர் கறுப்பின ஆப்பிரிக்கர். காவல் துறை கைவிட்ட நாட்களின் அச்சம் உண்மையானது. அந்த உயிர்களின் இழப்பு அதைவிடப் பெரிய உண்மை. பீனிக்ஸின் சாலைகள் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானித்தது இன வரைபடம். அதை வரைந்தவர்கள் போய்விட்டார்கள், கோடு இருக்கிறது.

அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இனாண்டாவில் இரண்டு பழைய இடங்கள் உண்டு. ஒன்று காந்தி 1904இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு. இன்னொன்று, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி. 1985 வன்முறையில் காந்தி குடியிருப்பு எரிந்தது. பிறகு மீண்டும் கட்டினார்கள். 1994 ஏப்ரல் 27 அன்று நெல்சன் மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டது ஓலாங்கே பள்ளியில். அண்டை வீட்டாராக இருந்தவர்களின் நினைவு அந்த மண்ணில் அழியவில்லை.

ஆளைத் திரும்பச் சேர்த்தல்

இன்று தென்னாப்பிரிக்காவில் ஒருவரை இழிவாகக் ‘கூலி’ என்று அழைத்தால் அவர் வழக்குத் தொடரலாம். சமத்துவத்துக்கென்று 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் வந்தது. 1998இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகிய மூவரையும் ‘கறுப்பின மக்கள்’ என்ற ஒரே பெயருக்குள் வைக்கிறது. பிகோ சொன்னது சட்டமாகியிருக்கிறது. டாக்டர் குணமோ சட்டத்துக்குக் காத்திராமல் அந்த வசையை எடுத்துத் தன் நூலுக்கு முடியாகச் சூட்டினார். மொரிஷியஸ் கவிஞர் கால் தோரபுல்லி 1990களில் ‘கூலித்துவம்’ என்று பொருள்தரும் சொல்லை உருவாக்கி, கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் தலைநிமிரும் கருத்தாக்கினார்.

இந்தச் சொல்லுக்குப் பிறந்த வீட்டார் நாம். நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரைத் தேடி வரும்போது சாதியைக் கேட்காமல் வரவேற்க வேண்டும். வடமாநிலங்களிலிருந்து நம் ஊர்க் கட்டடங்களுக்கும் உணவகங்களுக்கும் வந்திருக்கும் இளைஞர்களை எண்ணியும் இதைச் சொல்கிறேன். அவர்கள் எல்லாரையும் ஒரே பெயரில், ஒரே கிண்டலில் கூப்பிடும் பழக்கம் நம்மிடம் வளர்ந்துவருகிறது. முனுசாமியும் கோவிந்தசாமியும் ‘சாமி’ ஆனது இப்படித்தான் தொடங்கியது. கூலி கொடுக்க வேண்டிய ஒன்று. அதைத் தலைதட்டாமல் கூம்பாக அளந்து கொடுப்போம். அதை வாங்குகிறவருக்கு அவர் தாய் வைத்த பெயர் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரால் அழைப்போம்.